ரெண்டு பேர் படுக்குற மரவீடு

தலைய கொஞ்சம் குனிங்க டாக்டர்... இன்னும்... ஆ, அப்படியே வெச்சுக்குங்க. ஒம்பது பேர்! ரெண்டு பேர் படுக்குற மரவீட்டுக்கு ஒம்பது பேர் கெளம்பி நின்னாங்க, எங்க ரெண்டு பேரையும் சேக்காம! எங்க போய் முட்டிக்கிறது சொல்லுங்க. ஆடாதீங்க, காதுகிட்ட கத்திரி இருக்கு. நீங்க பதிலெல்லாம் சொல்ல வேணாம். உங்க ஆஸ்பத்திரில அந்த பல்லு புடுங்குற சேர்ல என்ன வாயத் தொறக்க வெச்சுட்டு, 'அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேட்டீங்களே... நான் 'ஆ... ஆ...'ன்னுதானே சொன்னேன்? இன்னிக்கு உங்க முறை.

மலை மேல தேசியப் பூங்கா இருக்குல்ல, அதோட வாசலுக்கு நடந்தே போயிடலாம், அவ்ளோ பக்கத்துல இருக்கு அந்த வீடு. தரை, சுவரு, கூரை, பூரா மரம். ஒரே ரூம். ஒரு கட்டில், ஒரு விறகு அடுப்பு, ரெண்டு நாற்காலி, ரெண்டே ரெண்டு கப்பு. போட்டோவுல எண்ணிப் பாத்தேன் டாக்டர். ஜன்னலத் தொறந்தா கீழ பள்ளத்தாக்கு. காலைல மான் வந்து வாசப்படில நிக்குமாம். கரடி கூட வருமாம்... அத நான் வீட்ல சொல்லல, விடுங்க.

கண்டுபுடிச்சது என் வீட்டுக்காரிதான். அந்தப் போட்டோவ வெட்டி எடுத்து அவ பக்கத்துக் கண்ணாடில ஒட்டி வெச்சா, ஆறு மாசமா. உங்களுக்குத்தான் தெரியுமே... கட ஒண்ணு, நடுவுல இந்தப் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆம்பளைங்களுக்கு நானு, அந்தப் பக்கம் பொம்பளைங்களுக்கு அவ. இருபத்திரெண்டு வருஷமா இந்தத் தடுப்புக்கு மேலயேதான் எங்க குடும்பம் நடக்குது. 'ஏம்மா, சின்ன சீப்பு'ன்னு ஒரு குரல் விட்டா போதும், சீப்பு மேலாலப் பறந்து வரும். பவுடர் டப்பா வரும். கோவமா இருந்தா துண்டு வரும், ஈரத்தோட.

பத்து நாளா ஒண்ணும் பறக்கல டாக்டர். கேக்குதா... உஸ்ஸ்ஸ்னு? ஹேர் டிரையர். அந்தப் பக்கம் இப்போ கஸ்டமர் யாரும் இல்ல, தெரியுமா? நான் வாயத் தொறந்தா அவ அதப் போட்டுடுறா. என் பேச்சு காதுல விழக்கூடாதாம். ...அதுக்காக அவளுக்குக் கேக்கலன்னு நெனச்சுடாதீங்க. எல்லாம் கேக்கும்.

அவ பக்கம் நியாயம் இல்லாம இல்ல. கல்யாணம் ஆன புதுசுல கடலப் பாக்கப் போனோம். எங்க அண்ணன், அண்ணி, அவங்க பசங்க மூணு பேர், ஒரு சித்தப்பா, சித்தப்பாவோட சிநேகிதர் ஒருத்தர். அந்த சிநேகிதர் யாருன்னு இன்னிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது! போட்டோவுல அவரு நடுவுல நிக்குறாரு, இவ ஓரத்துல பாதிதான் இருக்கா. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரா எங்கயும் போகல. கட, வீடு, கட, வீடு. அதனால இந்த தடவ ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. 'நம்ம ரெண்டு பேர் மட்டும். நாலு நாள். வேற ஈ காக்கா வரக்கூடாது.' நான் சத்தியம் பண்ணேன் டாக்டர். தலைல கை வெச்சு... கஸ்டமர் தலைலதான், கை அங்கதான் இருந்துச்சு.

மோவாய கொஞ்சம் இந்தப் பக்கம்... ம்.

மொதல்ல மச்சான் போன் பண்றான். என் வீட்டுக்காரியோட தம்பி, கார் ஓட்டக் கத்துக் குடுக்குறான். 'மாமா, லீவு போட்டுட்டேன், நாங்க நாலு பேரும் ரெடி'ங்குறான். எதுக்குடா ரெடி? மறுநாளு மருந்துக்கடைக்காரரும் அவரு சம்சாரமும். ஒரு பை நெறைய மாத்திரை எடுத்து வெச்சுட்டாங்களாம், குளிருக்கு ஒண்ணு, குளிர் விட்டப்புறம் ஒண்ணு. அப்புறம் பாட்டு வாத்தியார். விடியக்காலைல சாதகம் பண்ணுவாராம், பக்கத்துல யாரும் தும்மக்கூடாதாம். அப்புறம் தபால்காரர். வருஷம் பூரா நடக்குற மனுஷன், அங்க வந்து படுத்தே இருப்பேன்னு இப்பவே சொல்லிட்டாரு. எத்தன ஆச்சு? எட்டா? ஒம்பதாவது ஆளா... சொல்றேன் சொல்றேன், இருங்க, காது பக்கம் முடிச்சுக்கிறேன்.

நான் என்ன பண்ணுவேன்? அந்த மரவீட்டுக்காரம்மாவுக்குப் போன் பண்ணி, 'கொஞ்சம் பெருசா இருக்குமா'ன்னேன். அவங்க பக்கத்துலயே ஒரு கூடம் வெச்சிருக்காங்க. மலையேறக் கத்துக்க வர்ற பசங்க தங்குறது. அடுக்குக் கட்டில் பன்னண்டு. ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல பலகைத் தடுப்பு. ஆகா, பிரச்சின தீந்துச்சுன்னு ஓடிவந்து சொன்னேன். அவ கத்தல டாக்டர், அதான் எனக்குத் தாங்கல. சீப்பக் கீழ வெச்சா. 'இங்கயும் நடுவுல ஒரு தடுப்பு, அங்கயும் நடுவுல ஒரு தடுப்பு. அதுக்கு மலை எதுக்குங்க? இங்கயே இருந்துக்கலாமே'ன்னா. கண்ணாடில இருந்த போட்டோவ உரிச்சு எடுத்தா. அந்த எடத்துல பசைதான் இருக்கு இப்போ. எனக்கு... அட, விடுங்க. முடி கண்ணுல விழுந்துடுச்சு.

சரி, எவன் இதெல்லாம் வெளிய சொன்னான்? அன்னிக்கே எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'உன் தம்பிக்கு யாரு சொன்னா? நீதானே?'ன்னு தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் போட்டேன். டிரையர் நின்னுச்சு. அவ அப்பாயிண்ட்மென்ட் நோட்டு வெச்சிருக்கால்ல, அத எடுத்துப் படிக்குறா, நியூஸ் வாசிக்கிற மாதிரி. 'செவ்வாக்கெழம பத்தரை மணி, என் தம்பிக்கு முடிவெட்டும்போது, சூப்பர் எடம்டா, நீங்களும் வாங்களேன். புதன்கெழம நாலு மணி, மருந்துக்கடைக்காரருக்கு, சூப்பர் எடம், நீங்களும் வாங்களேன்...' தேதி, மணி, ஒண்ணு விடல.

ஆமா டாக்டர். நான்தான். அத்தன பேரையும் நானே கூப்பிட்டேன். வாய் இருக்கே... கத்திரி வெட்ட ஆரம்பிச்சா இது கூடவே ஓடும், ரெண்டுக்கும் ஒரே பிரேக். ஒரு பேச்சுக்கு சொல்றதுதானே? வீட்டுக்கு வந்தவங்கள சாப்பிடுறீங்களான்னு கேக்குற மாதிரி. 'எனக்கு என்ன தெரியும், எல்லாரும் சரின்னு தலையாட்டிட்டாங்களே'ன்னேன் அவகிட்ட. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'பின்கழுத்துல கைய வெச்சு அழுத்தினா தலை ஆடாம என்ன பண்ணும்?' அதான் அவ கடைசியாப் பேசுனது.

...நான் என் கையப் பாத்தேன் டாக்டர். இருபத்திரெண்டு வருஷம்! குனிங்கன்னு அழுத்துவேன், நிமிருங்கன்னு விடுவேன், ஊர்ல நான் சொல்றதுக்கெல்லாம் எல்லாரும் ஆமாங்குறாங்கன்னு ஒரு நெனப்புல திரிஞ்சிருக்கேன். பாட்டு வாத்தியார் தாளத்தோட வேற ஆட்டினாரு! மருந்துக்கடைக்காரர தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். 'அண்ணே, எனக்கு வர இஷ்டமே இல்ல. கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டு வாங்கன்னா, மாட்டேன்னு எப்படிண்ணே சொல்றது?'ங்குறாரு. வாத்தியாருக்கும் இஷ்டம் இல்ல. தபால்காரருக்கும் இல்ல. நான் சங்கடப்படுவேன்னு பெட்டி கட்டி வெச்சிருக்காங்க பாவம்!

அப்புறம் என்ன? போன வழியிலயே திரும்பி வர வேண்டியதுதான். 'ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கட்டிங் பண்ணிக்குங்க, வாங்க'ன்னு ஒவ்வொருத்தரா வரவெச்சு, இதே சேர்ல உக்கார வெச்சு, இதே மாதிரி கழுத்துல கை வெச்சு, 'அங்க குளிரு ஜாஸ்தி, உங்களுக்கு ஒத்துக்காதுல்ல?'ன்னேன். ஆமான்னு ஆட்டினாங்க. குடும்பத்தோட சேத்து எட்டுப் பேர் முடிஞ்சுது டாக்டர். பாக்கி ஒரே ஒருத்தர்.

ஆமா... நீங்கதான். போன மாசம், வியாழக்கெழம, ஆறு மணி. நோட்டுல இருக்கு.

மணி நாலே முக்கா டாக்டர். அஞ்சு மணிக்குள்ள சொன்னா அந்த ரெண்டு பேர் மரவீட்ட எங்களுக்கே தர்றேன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க, வேற ஒரு ஜோடியும் கேக்குதாம். குனிங்க... இன்னும் கொஞ்சம்... அங்க குளிரு ஜாஸ்தி, உங்களுக்கு...

அட! டிரையர் நின்னுடுச்சு.

என்னம்மா? ...ம். ...சரி. ...சரிம்மா. 'கழுத்துலேர்ந்து கைய எடுத்துட்டுக் கேளுங்க'ங்குறா. பத்து நாளுக்கு அப்புறம் மொத வார்த்த டாக்டர்! இதோ எடுத்துட்டேன். கத்தி, கத்திரி எல்லாம் கீழ. ரெண்டு கையும் பாருங்க. டாக்டர்... நான்தான் கூப்பிட்டேன், வாய்க்கொழுப்பு. உங்களுக்கு வர ஆசை இருந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன், அவகிட்ட அடி வாங்குறது என் பாடு. இல்லன்னா... நாங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வரட்டுமா?

...மெதுவா, மெதுவா! இவ்ளோ வேகமா ஆட்டினா துணியில இருக்குற முடியெல்லாம் பறக்குது! என்னது... மலைப் பாதைல வண்டி திரும்பினாலே வாந்தியா? மாத்திரை வேற வாங்கி வெச்சுட்டீங்களா? இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்! ...ஆமா. நான் எங்க பேச விட்டேன்.

ஏம்மா! போனப் போடு! மரவீடு, ரெண்டு பேர், நாலு நாள்!

...பேசுறா டாக்டர், போன்ல. சிரிச்சுப் பேசுறா. ஒரு நிமிஷம், இந்த பின்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏத்த எறக்கமா இருக்கு... போயிட்டாரா? டாக்டர்! துணியக் கழட்டிட்டுப் போங்க! ...போயிட்டாரு, துணியோடயே.

அடடே, வாங்க வாங்க டெய்லரண்ணே, உக்காருங்க. நல்ல நேரத்துல வந்தீங்க, நாளையிலேர்ந்து நாலு நாள் கட லீவு. மலைக்குப் போறோம்ணே! மரவீடு, விறகு அடுப்பு, வாசப்படில மான் வந்து நிக்கும். சூப்பர் எடம்ணே, நீங்களும்... ஆ!

...ஒண்ணும் இல்லண்ணே. சீப்பு. நடு மண்டைல விழுந்துச்சு. பத்து நாளுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் பறந்து வருது... சிரிக்குறா பாருங்க.

தலையக் குனிங்க.