இடது பக்கம், கீழே

— மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க அழகம்மா. சாதாரணமா விடுங்க. தலையை இன்னும் கொஞ்சம் பின்னால சாய்ங்க.

— சாய்ச்சுட்டேன் டாக்டரம்மா. என்னாங்க இது, கழுத்துல ஜில்லுன்னு வழவழங்குது?

— ஜெல்லுதான். ஸ்கேன் கருவி வழுக்கிட்டுப் போகணும்ல? சர்ஜன் என்ன சொல்லி அனுப்பினார்?

— தைராய்டுக்குப் பின்னால பயறு மாதிரி நாலு சுரப்பி இருக்காம். அதுல ஒண்ணு வீங்கிக்கிட்டு, எலும்புல இருக்குற கால்சியத்தை எல்லாம் ரத்தத்துல கொட்டுதாம். எதுன்னு நீங்க காட்டிட்டா சின்னதா கீறி எடுத்துருவாராம். தெரியலைன்னா கழுத்தை நல்லாத் திறந்து நாலையும் தேடணுமாம். குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுதாமுங்க.

— பயமா இருக்கா?

— இருக்காதுங்களா? லால்குடியிலேருந்து கீரைக்கட்டு கொண்டாந்து காந்தி மார்க்கெட்டுல கூவி விக்கிறவ நான். தொண்டை போச்சுன்னா எதை வச்சுப் பொழைக்கிறது?

— கொஞ்சம் பேசாம இருங்க. எச்சில் முழுங்குங்க... இன்னொரு தடவை... ம். இந்தா இருக்கு.

— எங்கங்க?

— இடது பக்கம், கீழ. காரை எலும்பை ஒட்டி. ஒன்றரை சென்டிமீட்டர். இது ஒண்ணுதான் வீங்கியிருக்கு. சர்ஜன் நேரா இங்கயே போயிரலாம்.

— அப்ப என் குரலு?

— அதுக்கு நான் உறுதி சொல்ல முடியாது. ஆனா எல்லாப் பக்கமும் கிளற வேண்டியதில்லை.

— ரெங்கநாதா! இது போதும் எனக்கு.

— இவ்வளவு பெருசு நேத்து வந்ததில்லை. முன்னாடி கழுத்துல ஸ்கேன் எடுக்கலையா?

— எடுத்தேனே. மூணு வருசத்துக்கு முன்னாடி, முதல் தடவை சிறுநீரகத்துல கல்லு வந்தப்ப. ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. அப்புறம் திரும்பக் கல்லு. போன ஆடியில மணிக்கட்டு ஒடிஞ்சுது.

— கீழ்க்கழுத்தையே பார்க்கலை போல. பார்த்திருந்தா இது தப்பியிருக்காது.

— அந்த இடத்துல தாலிக்கயிறு கெடந்துச்சுங்களே. இன்னைக்கு சர்ஜன் சொன்னாருன்னு கழட்டி எங்க வீட்டுக்காரர் கையில குடுத்துட்டு வந்தேன். வெளியே பிரசாதமாட்டம் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு உக்காந்திருக்காரு.

— அன்னைக்கே கழட்டச் சொல்லியிருக்கணும். ஒதுக்கியாவது பார்த்திருக்கணும். ஒரு நிமிஷ வேலை.

— கழட்டத்தான் போனேன். கயித்தைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அதைப் பார்த்துட்டு, "வேணாம்மா, மங்களமா இருக்கட்டும், நான் சுத்திப் பார்த்துக்கறேன்"னுட்டாங்க.

— யாரு அப்படிச் சொன்னது?

— நீங்கதான் டாக்டரம்மா. அன்னைக்கே எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.