பதினாறாம் தேதிப் படகு

ஆகஸ்டில் தீவுக்குத் தீவு போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, காற்றுக்கென்று ஒரு நாள் ஒதுக்காமல் விடுவது. கடைசிப் படகையும் போய்ச் சேர வேண்டிய வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்வேன், ஐயா. ஸராந்திஸ் மாமாவிடம் சொல்லவில்லை. நான் உட்காரும் நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கு யார் சொல்வது?

கடலோரக் காவல் விசாரணையில் நீங்கள் கேட்கிற எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். மாலைப் பள்ளியில் எங்கள் ஆசிரியை தினமும் பத்து வரி எழுதச் சொன்னார். நான் காற்றின் வேகத்தையும் துறைமுகத்தில் சொல்கிற எண்ணில் சேர்த்து எழுதுவேன். அது தேவையா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இப்போது தேவைப்படுகிறது.

பன்னிரண்டாம் தேதி, திங்கள். காற்று நான்கு. மாமா இரத்தச் சுத்திகரிப்பு முடித்துக்கொண்டு நேராக டிக்கெட் கடைக்கு வந்தார். கையில் கட்டு. திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள் அதற்காக அவர் இங்கே நாக்ஸோஸ் தீவில் இருந்தாக வேண்டும் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். தோனூசா தீவில் மாதா பண்டிகைக்குப் போக வேண்டும், தங்கச்சி கூப்பிடுகிறாள் என்றார். புதன் மாலை போவது, வியாழன் பண்டிகை, வெள்ளி காலை திரும்பி மதியம் சிகிச்சைக்குப் போவது. அவரே மேசையில் விரலால் கோடு போட்டுத் திட்டம் சொன்னார்.

எங்கள் ஊர்க்காரர்கள் டிக்கெட்டைப் படிக்க மாட்டார்கள். நேரத்தைக் கேட்க மாட்டார்கள். எந்தக் கப்பல் என்று மட்டும் கேட்பார்கள். பெரிய கப்பல், எங்கள் பேச்சில் 'பெரியவள்', காற்று எட்டிலும் வரும். சிறிய படகைக் காற்று ஆறு ஏறினாலே கட்டிப் போட்டுவிடுவார்கள். பதினாறாம் தேதிக்குப் பெரிய கப்பலை வேறு வழிக்கு மாற்றிவிட்டோம், சிறிய படகுதான் என்ற தகவல் கப்பல் கம்பெனியிலிருந்து அன்று காலை ஒன்பது இருபதுக்கு வந்திருந்தது. டிக்கெட்டில் சிறிய படகின் பெயர்தான் அச்சாகியிருந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் தவறில்லை. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

"என் நாற்காலி எப்படிப் பொண்ணே இருக்கு? இன்னும் கிறீச்சுங்குதா?" என்று கேட்டார்.

"எண்ணெய் போட்டுட்டேன் மாமா."

"போடாத. ஆள் கெஞ்சுறப்ப சாஞ்சு உக்காந்தா அது கத்தணும். அப்பத்தான் பயப்படுவாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

நீங்கள் காரணம் கேட்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன், பண்டிகை முடிந்த மறுநாள், அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் பிரேயூஸ் நகரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தீவுகளில் இருந்த கூட்டமெல்லாம் ஒரே நாளில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது நான் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு ஓடி வந்து இதே மேசைக்கு முன்னால் நின்றேன். அவசரத்துக்கென்று நான்கு இடம் ஒவ்வொரு கப்பலிலும் எடுத்து வைப்பது எங்கள் துறைமுக வழக்கம். பிரசவம், சாவு, ஆஸ்பத்திரி, இவற்றுக்கு. யாரும் எழுதி வைக்காத வழக்கம், ஆனால் யாரும் மீறாதது.

மாமா நாற்காலியில் சாய்ந்தார். அது கத்தியது.

"எடமில்ல பொண்ணே. நாளைக்குப் போ. ஒங்கப்பா எங்க ஓடியா போயிடப் போறாரு?"

பத்து நிமிடம் கழித்து, கடற்கரை விடுதி முதலாளியின் விருந்தாளிகள் நான்கு பேர் வைக்கோல் தொப்பியோடு கப்பலில் ஏறினார்கள். மறுநாள் காற்று ஒன்பது. இரண்டு நாள் எதுவும் கிளம்பவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலில் வேறொருவர் படுத்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்றுதான் மாமாவிடம் சொன்னேன். சாகக் கிடக்கிறார் என்று சொன்னேனா, தெரியவில்லை. அப்போது டைரி எழுதும் பழக்கமில்லை. போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கெட்டு வேலையை விட்டபோது, இந்த வேலைக்கு நான்தான் முதலில் மனுப் போட்டேன். கடை வீட்டுக்குப் பக்கம் என்று காரணம் எழுதினேன். அதுவும் உண்மைதான்.

வெள்ளி காலை காற்று எட்டு. சிறிய படகு கிளம்பவில்லை. சனி எட்டு, ஞாயிறு ஒன்பது. ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. உங்கள் காவல் படகும் வெளியே போக முடியவில்லை என்பது எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பண்டிகைப் பந்தியில் அவர் தக்காளியும் முலாம்பழமும் சாப்பிட்டாராம். சிறுநீரகம் கெட்ட அவருக்கு இரண்டும் ஆகாது. மறுநாள் சிகிச்சையில் எல்லாம் சுத்தமாகிவிடும் என்ற தைரியம். ஞாயிறு மதியம் இதயம் நின்றது. தங்கச்சி மடியில் என்று சொன்னார்கள். அவருக்காவது பக்கத்தில் ஒருவர் இருந்தார்.

இதுவரை சொன்னது முழுவதும் சரி. ஒரு இடத்தைத் தவிர. அவர் கேட்கவில்லை என்றேன். திங்களன்று கேட்கவில்லை. வியாழன் மதியம் ஒன்று பத்துக்குத் தோனூசாவிலிருந்து போன் செய்து கேட்டார். அந்த நாளின் பக்கத்தில் இதைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அழித்துவிடலாமா என்று நினைத்தேன். அழித்தால் மற்றப் பக்கங்களையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பின்னால் வயலின் சத்தம் கேட்டது. அவர் தாழ்ந்த குரலில் பேசினார்.

"பெரியவ நாளைக்கு வரமாட்டாளாம்னு இங்க காப்பிக் கடையில பேசிக்கிறாங்க. நெசமா?"

"காப்பிக் கடைப் பேச்சையா கேப்பீங்க, மாமா? பெரியவதான் வர்றா."

"இல்ல பொண்ணே, காத்து சத்தம் சரியில்ல. வெள்ளிக்கெழமை தவறுனா எனக்குத் தாங்காது. இன்னிக்குச் சாயங்காலப் படகுலயே என்னை ஏத்தி விட்டுரு. அந்த நாலு எடத்துல ஒண்ணு குடேன்."

திரையைப் பார்த்தேன். சாயங்காலப் படகில் அவசர இடம் நான்கைத் தவிர முப்பத்தொரு இடம் காலியாக இருந்தது. அந்த எண்ணையும் குறித்திருக்கிறேன். டிக்கெட் இல்லாமலே அவர் துறைக்குப் போய் நின்றிருந்தால் மாலுமிகள் ஏற்றியிருப்பார்கள். ஆனால் இடமில்லை என்று மேசையிலிருந்து சொன்ன பிறகு, கெஞ்சியவர்களை முப்பது வருடம் திருப்பி அனுப்பிய ஒருவர் தானே போய்க் கெஞ்சி நிற்க மாட்டார். அதையும் யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன்.

நாற்காலியில் சாய்ந்தேன். எண்ணெய் போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

"எடமில்ல மாமா. நாளைக்கு வாங்க," என்றேன்.

இதில் என்னுடைய கோபம் எதுவும் இல்லை, ஐயா. சரிபார்த்துவிட்டேன். அந்த வார்த்தைகள்கூட அவருடையவைதான்.