சீட்டுக்கு அடியில் காத்து மிஷின்

— ச்சீ, கருமம். இன்னாய்யா இது, வண்டியா குப்பத்தொட்டியா? சீட்டத் தூக்கினா பிரியாணி எலும்பு கீது.

— மூக்கப் பொத்திக்கினு வேலையப் பாரு மேரி. டிரைவர் சீட்டுக்கு அடியிலதான் காத்து மிஷின் உக்காரணும்னு அந்த பத்ரி சார் சொல்லிட்டாரு. நீ எடத்த சுத்தம் பண்ணாத்தான் நான் பிளேட்டு வெச்சு போல்ட்டு முறுக்க முடியும்.

— இன்ஜினாண்ட வெச்சா இன்னாவாம்?

— அங்க சூடு. அதுவுமில்லாம இவங்க வண்டிய சேத்துலயும் தண்ணியிலயும் எறக்கறவங்க. மோட்டாருக்குள்ள தண்ணி பூந்தா அவ்ளோதான். உனக்குத் தெரியாததா?

— நல்லாத் தெரியும். நம்ம மிஷினு எப்பிடி செத்துச்சுன்னு கூட நின்னு பாத்தவ நான்.

— அத இன்னாத்துக்கு இப்ப இழுக்கற?

— இழுக்காம? வரதராஜபுரத்துல தெருவுக்கே காத்து அடிச்சுக் குடுத்த கடை. போன மழையில கம்ப்ரஸரும் போச்சு, கடையும் போச்சு. இப்ப இந்த மெயின்ரோட்டு தகரக் கொட்டாய்ல ஒக்காந்துகினு, சைக்கிளுக்குக் காத்து கேட்டு வர்றவங்கள பெட்ரோல் பங்குக்குப் போன்னு தொரத்தறோம். காத்து இல்லாத பஞ்சர் கடைய எங்கனா பாத்துக்கீறியா? இதுல ஊரான் வண்டிக்குள்ள காத்து மிஷின் மாட்டறாராம் தொர.

— அதுக்குத்தான் மாட்டறேன். சரி உடு, கேளு. இந்த வேலைய சுத்தமா முடிச்சுக் குடுத்தா அவரு கிளப்புல கீற ஜீப்பு மொத்தமும் நம்மளாண்ட வரும்னு சொல்லிக்கீறாரு. மழைக்கு முன்னாடி நமக்குன்னு ஒரு மிஷினு வந்துரும். அதுக்காவது அந்தாளு எதிர்ல வாயத் தொறக்காத.

— ஜீப்பப் பாத்தாலே எனக்குக் கொமட்டுதுய்யா.

— எவனோ ஒருத்தன் பண்ணதுக்கு எல்லா ஜீப்பையும் திட்டுவியா?

— திட்டுவேன். தண்ணி வாசப்படியாண்டதான் நின்னுகினு இருந்திச்சு. நீ பசங்கள இஸ்துகினு ஸ்கூல் முகாமுக்குப் பூட்ட. நான் ஒண்டியா மணல் மூட்ட அடுக்கி, அது சரியாம இருக்க பழைய டயரெல்லாம் முட்டுக் குடுத்து வெச்சிருந்தேன். மழ வேற வுட்டுப் போச்சு. கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னிருந்தா வடிஞ்சிருக்கும். அந்தக் கஸ்மாலம் ஜீப்ப ஓட்டிக்கினு தெருவுல போனான், திரும்ப வந்தான், மறுபடியும் போனான். அவன் கெளப்புன அலையில மூட்ட சரிஞ்சு, வூட்டுக்குள்ள, கடைக்குள்ள, மிஷினுக்குள்ள எல்லாம் சாக்கடத் தண்ணி. காப்பாத்தவா வந்தானுங்க? செல்லப் புட்சுகினு பல்ல இளிச்சானுங்க.

— தெரியும். அப்பறம் நீ வெறுங்காலோட முகாமுக்கு வந்து, பேசாம செவுத்தாண்ட ஒக்காந்துகின. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. சரி உடு. அந்த மூலையில கைய உடு, இன்னமோ தட்டுது.

— செருப்பு.

— எடுத்துப் போடு அந்தாண்ட.

— இருய்யா.

— இன்னா மேரி? ஏதோ பொணத்தப் பாத்த மாதிரி பாத்துகினு கீற.

— பொம்பள செருப்புய்யா இது.

— அவரு சம்சாரத்துதா இருக்கும்.

— சிறுசேரியில கம்ப்யூட்டரு வேல பாக்கறவன் பொண்டாட்டி, அறுந்த வார பச்ச நைலான் கயித்தால தெச்சுப் போட்டுக்குவாளா?

— உனக்கு எதுக்கு அந்த ஆராய்ச்சி? பிளேட்ட எட்த்துக் குடு.

— மாட்டேன். நீ அந்த போல்ட்ட முறுக்காத.

— இன்னாத்துக்கு?

— தோ, அந்தாளே வர்றான். அவனாண்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு அப்பறம் முறுக்கறதா வேணாமான்னு நீயே சொல்லு.

— டேனியல் அண்ணா, சாரி, ஆபீஸ் கால் முடியவே மாட்டேங்குது. நம்ம ஏர் செட்டப் என்ன ஆச்சு?

— வாங்க பத்ரி சார். ஒயரு இஸ்து ரிலே மாட்டிட்டேன். காத்து போற ஹோஸு பின்னாடி வரைக்கும் ஓடியாச்சு. மிஷின ஒக்கார வெச்சு, சோப்புத் தண்ணி ஊத்தி லீக்கு பாத்துட்டா முடிஞ்சுது.

— செம அண்ணா. ஆக்சுவலா போன வாரம் கேளம்பாக்கம் தாண்டி மணல்ல எறங்கினோம். டயர்ல காத்தக் குறைச்சாதான் மணல்ல புதையாது. எறக்கறது ஈஸி, திரும்ப ஏத்தறதுக்கு அங்க யாரு இருக்கா? அப்படியே ரோட்டுல உருட்டிட்டு வந்ததுல ஒரு டயர் ஓரம் கிழிஞ்சு போச்சு. இனிமே வண்டியிலயே காத்து. சிம்பிள்.

— தம்பி, இந்தச் செருப்பு யாருது?

— ஐயோ அக்கா, அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அது எங்க லக்கி செருப்பு.

— லக்கியா?

— ஆக்சுவலா அது ஒரு பெரிய காமெடி. போன மழைக்கு இந்தப் பக்கம்தான் வந்தோம், வரதராஜபுரம். தெருவெல்லாம் செம தண்ணி. மேல கூரையைக் கழட்டிட்டு நான் வேகமா போறேன், ரெண்டு பக்கமும் தண்ணி ஆள் உசரம் எழும்புது. திரும்பி வரும்போது, வாசல்ல டயரா அடுக்கி வெச்ச ஒரு வீட்டுல இருந்து ஒரு லேடி கத்திக்கிட்டே இதை வீசினாங்க. கரெக்டா என் மடியில வந்து விழுந்துது. ஃப்ரெண்ட் அதை வீடியோ எடுத்துட்டான். அந்த ரீல் வைரலா போன மாதிரி எங்களுக்கு வேற எதுவும் போனதே இல்ல. எங்க கிளப்பே அந்தச் செருப்பாலதான் பேமஸ்.

— டயரா சார்?

— ஆமாண்ணா, பழைய டயர். ஏன், தெரிஞ்ச வீடா?

— நீங்க சொல்லுங்க சார். ஜனங்கள ஏத்தினு போகத்தான வந்தீங்க?

— அதுக்கெல்லாம் போட் இருக்கேண்ணா. நாங்க சும்மா, வண்டி எவ்வளவு ஆழம் தாங்குதுன்னு பாக்க வந்தோம்.

— அந்தம்மா இன்னா சொல்லிக் கத்துச்சுன்னு காதுல வுழுந்துச்சா தம்பி?

— இன்ஜின் சத்தத்துல எங்க அக்கா கேக்கும்? ரீல்லயும் அதை எடுத்துட்டு பாட்டு போட்டுட்டோம். பாவம், என்ன டென்ஷனோ. ஒரு கார் போனதுக்கு அவ்வளவு கோவமான்னு நாங்க பேசிப் பேசிச் சிரிப்போம்.

— இந்த மழைக்கும் வருவீங்களா தம்பி?

— கண்டிப்பா. அதுக்குத்தானே இந்த வேலையே. இந்த தடவை நாங்க ஒரு வண்டி இல்ல, கிளப்பே வரிசையா வரோம். அதே தெரு, அதே வீட்டு வாசல். ஆங், டேனியல் அண்ணா, இந்த மிஷின்லயே ஒரு ஏர் ஹாரனும் சேத்துடுங்க. லாரி ஹாரன் மாதிரி அடிச்சுட்டே போனா செமயா இருக்கும்.

— அதே வூட்டு வாசல்லயா சார்?

— என்னண்ணா, ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டீங்க?

— இந்த வண்டியில இனிமே என் கை படாது சார்.

— அந்த எலும்பு நாத்தமா? ஃப்ரெண்ட்ஸ் பண்ற வேலை, சொன்னாலும் கேக்க மாட்டாங்க. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு மாட்டுங்க.

— போயி வேற யாராண்டயாவது மாட்டிக்கோங்க சார். நான் ஒயரக் கழட்டிக் குடுத்துடறேன்.

— என்னண்ணா இது, பாதியில? கிளப்பு வண்டி எல்லாம் உங்ககிட்டதானே வரப் போகுது. நான் எதாவது தப்பா பேசிட்டேனா? அக்கா, நீங்களாவது சொல்லுங்க. சரி, முதல்ல அந்தச் செருப்பக் குடுங்க. எங்க அது? தூக்கிப் போட்டுட்டீங்களா?

— தூக்கிப் போட்டது அன்னிக்கு தம்பி. இன்னிக்குக் கால்ல போட்டுக்கினு கீறேன்.