எட்டு எழுத்து

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன். மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பால் காய்ந்துவிடும். காபியைக் குடித்துக்கொண்டே போனில் குறிப்புச் செயலியைத் திறந்து முந்தைய நாளை எழுதி முடிப்பேன். ஆறரைக்குப் பெரம்பலூரில் பஸ் ஏறி ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலைக்குப் போவேன். இப்போதும் அப்படித்தான். கழுவ வேண்டிய டம்ளர் ஒன்று குறைந்திருக்கிறது.

செயலியைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எழுதுவது எதுவும் போனை விட்டு வெளியே போகாது. பாஸ்வேர்டு இல்லாமல் அதை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. எனக்கு ஆய்வகத்தில் வேலை. எதையும் எழுதிவைத்து, ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பேன். உலையின் சூடு, அம்மாவின் சர்க்கரை அளவு. கல்யாணத்துக்குப் பிறகு ஜெயசுதா.

என் மனைவியைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். யாரிடம் பேசினாள், எவ்வளவு நேரம், தூக்கத்தில் என்ன முனகினாள். ஆலைக்குள் போன் கூடாது. அதனால் அலமாரி மேல் ஒலிப்பதிவில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் கேட்டு எழுதுவேன். சந்தேகமெல்லாம் இல்லை. அவளைப் புரிந்துகொள்ள நினைத்தேன்.

அவளுக்கு ஒரு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாது. அதன் பேரை முன்பு ஒரு டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். பர்சில் ஏலாக்குறிச்சி மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். செயலியில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்தேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமேங்க."

"நாலு சாமான் வாங்கப் போனா ரெண்டை மறந்துட்டு வர்ற ஆளு நீ. இங்க இருந்தா பத்திரம்."

"ஆமா, நீங்க மறந்துட்டா நான் அம்போதான்" என்று சிரித்தாள். சிரித்ததையும் எழுதினேன்.

ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான் வேலைக்குப் போன பிறகு கூடிவிட்டது. அவள் தம்பி பூவரசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மருந்தின் பேர் அதில்தான் இருக்கிறது என்று அவள் சொல்ல, என் போனையும் எடுத்துப் போயிருந்தான். ஆலையின் லேண்ட்லைனுக்கு அழைத்தான்.

"மாமா, ரத்தத்துல கிருமியாம். ஆவாத ஊசி எதுன்னு டாக்டர் கேக்குறாரு. அக்காவுக்குப் பேரு தெரியல. பாஸ்வேர்டு சொல்லுங்க."

"வாயில வரமாட்டேங்குது. போனைப் பாத்தா விரல் தானா போடும். நான் வந்துடுறேன்."

"வர ஒரு மணி நேரம் ஆவுமே! என்ன மாமா, பேங்க் லாக்கரா அது?"

மருந்தின் பேர் உண்மையிலேயே நினைவில்லை. பாஸ்வேர்டு நினைவிருந்தது. எட்டு எழுத்து. சொன்னால் எல்லாம் திறந்துகொள்ளும்.

ஷிப்ட் இன்சார்ஜ் ராசாங்கம் தன் பைக்கைக் கொடுத்தார். நிதானமாகத்தான் ஓட்டினேன். மற்ற குறிப்புகளை யார் கண்ணிலும் படாமல் எப்படி மறைப்பது என்று வழியில் யோசிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் முக்கால் மணி நேரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியாமல், கைவசம் இருந்ததைப் போட்டார். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பூவரசனிடம் போனை வாங்கித் திறந்தேன். பேரை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தேன். டாக்டர் போட்ட அதே மருந்து.

பதற்றத்தில் மறந்துவிட்டது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நான் மறக்கவில்லை. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

"பதறாம வாங்க" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நானூற்றுப் பதின்மூன்றாவது குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தம்பியிடமிருந்து போனை வாங்கி அவள் சொன்னது வேறு.

"என்னைப் பத்தி எழுதி வெச்சிருக்கிறது தெரியுங்க. தம்பிகிட்ட காட்ட மாட்டேன். மருந்து பேரை மட்டும் பாத்துட்டு மூடிடுறேன். சொல்லுங்க."