வெள்ளிக்கிழமை கரையேறிய கடற்பூதம்

பெயர் ஜவுபர் அஸ்பியா. வயது இருபத்து நான்கு. முகவரி, கடற்கரை வீதி, மருதமுனை. தொழில், கொஸ்பிளே. அதாவது, கற்பனை உருவங்களின் உடையைச் செய்து அணிந்து படம் எடுத்து, மாதச் சந்தா கட்டும் ரசிகர்களுக்கு இணையத்தில் கொடுப்பது. இந்த வாக்குமூலத்தை எழுதும் பொலிஸ் அதிகாரி "வீட்டுவேலை" என்று எழுதப் பார்த்தார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் பாதி அந்தச் சந்தாவில்தான் எரிகிறது.

என் வாப்பா ஜவுபர் கல்முனைச் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். முகம் தெரியக்கூடாது, ஊருக்குள் யார் என்று தெரிந்தால் அன்றோடு தொழிலை விடவேண்டும் என்ற நிபந்தனையில்தான் அனுமதித்தார்.

சம்பவ தினம் வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை என்பதால், விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் நானும் படம் எடுக்கும் என் சாச்சாவின் மகள் சஹ்லாவும் கடற்கரைக்குப் போனோம். அதன்பின் சந்தா கட்டும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த கடற்பூத உடையில், றெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் செய்த ஈட்டியோடு தண்ணீரில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு, நிறுத்தியிருந்த தோணிகளைச் சுற்றிக் கரையேறினேன். கீரிமீன் கூட்டமாக வந்துவிட்டதென்று கரைவலைக்காரர் ஜெமீல் முதலாளி மதிய ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஒரு வலை இழுக்க ஆட்களைச் சேர்த்திருந்தது எனக்குத் தெரியாது.

"ஜின்னுடா, ஓடுங்கடா!" என்று வலை இழுத்துக்கொண்டிருந்த மிஹ்லார் என்பவர் முதலில் ஓடினார். பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தவரும் அவரே. அதன்பின் எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். முழங்கால் வருத்தக்காரரான ஜெமீல் முதலாளி மட்டும் ஜின்னை விரட்ட ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனத்தை ஓதிக்கொண்டு நின்றார். வலை கடலோடு போகப் பார்த்ததால் நான் ஈட்டியை எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். சஹ்லாவும் ஓடிவந்து பிடித்து, "முதலாளி, இது ஜவுபர்ட மகள் அஸ்பியா. கயித்தப் புடிங்க!" என்று கத்தினாள். ஊருக்குத் தெரிந்தது அந்த நேரத்தில்தான்.

அதன்பின் ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவந்து இழுத்தார்கள். வலை நிறைய மீன். கயிற்றில் கைவைத்தவரைக் கறிக்கு மீன் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது கரை வழக்கம். பூதத்துக்கும் அதேதான் என்று சொல்லி, முதலாளி என் தலைக்கவசம் நிறையக் கீரிமீன் அள்ளிப் போட்டார். நானும் சஹ்லாவும் சிரித்துச் சிரித்து மணலிலேயே இருந்துவிட்டோம்.

அதன்பின் பொலிசார் வந்து, ஈட்டியைப் பரிசோதிக்கவேண்டுமென்று என்னை நிலையத்துக்கு அழைத்துவந்தார்கள். அதிகாரி விரலால் அழுத்தியதும் ஈட்டி முறிந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். முதலாளியும் முறைப்பாடு இல்லை என்றார். ஆனால் வாப்பா வருகிறார் என்றதும், தொழில் இன்றோடு சரி என்றே நினைத்தேன்.

வாப்பா உள்ளே வந்தார். கரையில் கழன்று விழுந்த என் உடையின் வால் அவர் தோளில் கிடந்தது. அதை மேசையில் வைத்து அதிகாரியிடம் சொன்னார்: "புள்ளட சாமான் ஒண்டும் குறையக்கூடா சேர். சந்தைக்குள்ளாலதான் வாறன். கேட்டவனுக்கெல்லாம் என்ட மகள்ட வால் எண்டு சொல்லிட்டுத்தான் வாறன்."

இவ்வளவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தபடியே இருக்கிறது, கூட்டியதோ குறைத்ததோ இல்லை என்று ஒப்பமிடுகிறேன்.

ஜ. அஸ்பியா