கம்பி இல்லாத படிக்கட்டு

படகில் ஏறினால் எனக்குக் குமட்டும். கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி, கரை கண்ணிலிருந்து மறைந்ததும் வயிறு புரளத் தொடங்கிவிடும். அப்படிப்பட்டவன் பதினொரு தீவுகளுக்குப் போய் வந்திருக்கிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்கலாம், ஐயா. என் மனைவியும் சிரிப்பாள். "எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே உலகத்தச் சுத்துற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள்.

நான் போவது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சினிமா எடுத்த இடங்களைப் பார்க்க. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பிடித்த காட்சியை நிறுத்தி, அந்த ஒரு பிரேமை மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துக்கொள்வோம். படம் எடுத்த இடத்தைத் தேடிப் போய், தாளைக் கண்ணுக்கு நேரே பிடிப்போம். தாளில் உள்ள மலை நிஜ மலையின் மேலும், தாளில் உள்ள சுவர் நிஜச் சுவரின் மேலும் உட்காரும்வரை முன்னே பின்னே நகர்ந்துகொண்டே இருப்போம். அது உட்காரும் நொடியில் நெஞ்சுக்குள் பூட்டுத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதற்காகத்தான் இவ்வளவு வாந்தியும்.

மற்ற நாட்களில் நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். பதினாறு வருடத்தில் என் கை பட்ட கண்ணாடி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

நீங்கள் கேட்பது அந்தப் படிக்கட்டைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சினிமா டேப் இருந்தது. டிவியில் ஓடியதைப் பிடித்து வைத்தது. சமையலறையில் அப்பாவும் அம்மாவும் சண்டையைத் தொடங்கியதும் அக்கா அந்த டேப்பைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிடுவாள். அவளுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஒன்பது. கடலோரத்தில் ஒரு கல் படிக்கட்டு. அதில் வெள்ளை உடுப்புப் போட்ட கதாநாயகி படகைப் பார்த்து இறங்கி வருவாள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கடல். அந்த இடத்தில் அக்கா டேப்பை நிறுத்திவிடுவாள்.

"எதையும் பிடிச்சுக்காம இறங்குறா பாருடா" என்பாள். "பயமே இல்ல. நாமளும் ஒரு நாள் அங்க போவோம்."

சமையலறையில் பாத்திரம் உருளும். நாங்கள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அக்கா இப்போது வேறு ஊரில் ஒரு கூரியர் கம்பெனியில் மேலாளர். இரண்டு பிள்ளைகள், ஓயாத வேலை. நான் போகும் தீவுகளிலிருந்தெல்லாம் அவளுக்குப் படம் அனுப்புவேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறி வரும். அவ்வளவுதான். அவள் மேல் குறை சொல்லவில்லை.

அந்தப் படிக்கட்டை நான் கண்டுபிடித்தது ஒன்பதாவது தீவில். மேலே ஒரே வீடு. கீழே படகுத்துறை. முப்பத்தொரு படிகள். வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். அவர் கணவர் அங்கிருந்த கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். படம் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தவர் அந்த அம்மாதான்.

அதன் பிறகு வருடம் ஒரு முறை போனேன். படகோட்டி என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன சார், போன வருஷம் பாத்த கல்லு இந்த வருஷம் வளந்துருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

அந்த அம்மா அப்படிக் கிண்டல் செய்ததில்லை. என் வருகையைக் கணக்கு வைத்துக் காத்திருப்பார். மூன்றாம் வருடம் கடையிலிருந்து எழுத்து அட்டையும் சோதனை வில்லைகளும் எடுத்துப் போய் அவர் கண்ணைப் பரிசோதித்தேன். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டிருந்தது. இன்னொன்றில் புரை முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடியால் ஆகாது, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றேன்.

"வேண்டாம் தம்பி. ஆபரேஷன்னு அக்கரைக்குப் போனா என் மக அதோட என்னப் பிடிச்சு வச்சுக்குவா. நாலு சுவத்துக்குள்ள உக்கார வச்சு வேளாவேளைக்குச் சோறு போடுவா. அவ நல்லவதான். ஆனா எனக்கு இந்தக் காத்து வேணும்."

மகளுக்கும் அவருக்கும் நடந்த இழுபறி அதுதான். கடைசியில் மகள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வெல்டரை அழைத்துவந்து, படிக்கட்டின் கடல் பக்கம் நெடுக இரும்புக் கைப்பிடிக் கம்பி போட்டாள். மஞ்சள் வண்ணம் அடித்தாள். அவள் மிரட்டியதை அந்த அம்மா எனக்கு நடித்தே காட்டினார். "கம்பியப் பிடிக்காம ஒரு படி எறங்குனன்னு காதுல விழுந்துச்சு, மறுநாளே மூட்டையக் கட்டிடுவேன்!" சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தினமும் சாயங்காலம் கம்பியில் கையை ஓட்டியபடியே இறங்கி வந்து, துறையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். படிகளை அவர் பார்ப்பதே இல்லை. கைதான் பார்த்தது.

முந்தைய வருடங்களில் வெளிச்சம் சரியாக அமையாததால் அந்தப் படிக்கட்டை மட்டும் அக்காவுக்கு அனுப்பியதில்லை. போன வருடம் வெளிச்சம் அமைந்தது, ஆனால் எடுத்த படத்தில் அந்தக் கம்பி விழுந்திருந்தது. வேறு வழியில்லை, அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். முதல் முறையாக அவள் கட்டைவிரலுக்குப் பதில் எழுத்தில் பதில் போட்டாள்.

"எந்த இடம்டா இது? நம்ம படத்துல வர்ற மாதிரி இருக்கு. ஆனா மஞ்சளா என்னமோ கம்பி நிக்குதே. அது இல்லடா இது."

அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. கதவு வரைக்கும் வந்துவிட்டு, அந்தக் கம்பியைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள்.

இந்த வருடம் போனபோது அந்த அம்மாவிடம் கேட்டேன். ஒரே ஒரு படத்துக்காகக் கம்பியைக் கழற்றி மாட்டலாமா என்று.

"எதுக்கு? படம் எடுத்தப்பவும் கம்பி இருந்துச்சே தம்பி. அப்ப சுவத்துப் பக்கம். உப்புக் காத்து தின்னு தீத்துடுச்சு."

அவருக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்புகிறது என்று நினைத்தேன். நான் அந்தக் காட்சியை ஆயிரம் தடவை பார்த்தவன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

என் பையில் ஸ்பேனர் இருந்தது. அதை ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்தார். நாலரை வரை எழுந்திருக்க மாட்டார். கம்பி மூன்று துண்டுகளாக இருந்தது. பிரேமுக்குள் வருவது நடுத்துண்டு மட்டும். மேலிருந்து எண்ணினால் ஒன்பதாம் படியிலிருந்து இருபதாம் படி வரை. எட்டு போல்ட். அனாவசியமாக நான் எதையும் தொடவில்லை. மேல் துண்டும் கீழ்த் துண்டும் இருந்தபடியே இருந்தன. நடுத்துண்டைத் துறையில் படுக்க வைத்தேன். மூன்றே முக்காலுக்குச் சுவரில் சரியான வெளிச்சம் விழும். எடுத்துவிட்டு, அவர் எழுவதற்குள் திரும்ப மாட்டிவிடுவது என் திட்டம். நியாயமான திட்டம்தான்.

அவர் சீக்கிரமே எழுந்துவிட்டார். ஒன்பதாம் படியில் விழுந்தார். நாலரைக்குப் படகோட்டி வந்தபோது உயிர் இல்லை. கம்பி அதன் இடத்தில் இருந்தது. பார்வை இல்லாத அம்மா, கை நழுவியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் உங்கள் போலீஸ்காரர்களிடம் அப்படித்தான் சொன்னேன். நீங்கள் முதலில் எழுதி வைத்திருப்பதும் அதுதான்.

நான் இன்று இங்கே வந்தது இரண்டு காரணங்களுக்காக.

போன வாரம் அவர் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். நன்றி சொன்னாள். "கடைசில நீங்களாவது கூட இருந்தீங்களே அண்ணா. அது போதும் எனக்கு" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "நான் ரெண்டு அங்குலம் ஒசத்தி வச்சிருக்கணும் அண்ணா. வெல்டர் கேட்டாரு, நான்தான் போதும்னேன். அம்மா கைக்கு எட்டாமப் போயிருக்கு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அது தவறு, ஐயா. கம்பியின் உயரத்தில் ஒரு குறையும் இல்லை. அளவு விஷயத்தில் யாரும் தவறாகப் பேசினால் எனக்குத் தாங்காது.

இன்னொரு காரணம் அக்கா. நான் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அவளே கூப்பிட்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. "இதான்டா! இதேதான்! யாருடா அந்தப் பொம்பள? அப்படியே அவள மாதிரியே எறங்குறாங்க!" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவளும்தான். அந்த உற்சாகத்தில் அவள் அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிள்ளைகளோடு பார்த்திருக்கிறாள். மறுநாள் அதிலிருந்து அந்தக் காட்சியை நிறுத்தி எனக்கு அனுப்பினாள்.

டிவிக்காக ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். எங்கள் டேப்பில் இல்லாத ஒரு கை அகலம் அந்தப் பிரதியில் இடது பக்கம் இருந்தது. சுவரை ஒட்டிக் கம்பி. கதாநாயகியின் வலது கை அதை இறுகப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

கீழே அக்கா எழுதியிருந்தாள்: "பயந்துக்கிட்டே எறங்கியிருக்கா கழுத. நம்மளத்தான் ஏமாத்திட்டா."

பிறகு எனக்கு வில்லை தேய்க்க முடியவில்லை.

இனி சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றே முக்காலுக்கு வெளிச்சம் வந்தது. தாளைப் பிடித்தேன். சுவர் சுவரின் மேல் உட்கார்ந்தது, கடல் கடலின் மேல் உட்கார்ந்தது. ஆனால் நெஞ்சுக்குள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. தாளில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது.

அப்போது மேலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இருக்கியா? படகு வர்றதுக்குள்ள உனக்கு டீ போட்டுடலாம்னு எந்திரிச்சேன். மேல வர்றியா?"

வெளிர் நிறத்தில் உடுத்தியிருந்தார். அது தற்செயல். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

"இல்லம்மா, நீங்க கீழ வாங்க" என்றேன்.

வந்தார். எட்டாம் படி வரை கம்பியில் கையை ஓட்டிக்கொண்டு. ஒன்பதாம் படியில் கை முன்னால் நீண்டு எதையும் தொடாமல் நின்றது. அந்த நொடியில்தான் எடுத்தேன். அக்காவிடம் இருப்பது அந்தப் படம். சத்தமும் கேட்டது, ஐயா. நெஞ்சுக்குள்.

படிக்கட்டுக்குக் கீழே, கடலோரப் பாறையில் விழுந்துகிடந்தார். நினைவு இருந்தது. என் சட்டையைக் கழற்றி அவர் தலைக்கு அடியில் வைத்தேன். வீட்டில் தொலைபேசி இருந்தது. நான் முதலில் கம்பியைத் தூக்கினேன். ஒரு ஆள் தனியாக மாட்டுவது சிரமம், இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஸ்பேனர் இரும்பில் படும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டார்.

"நான்தான் சரியாப் பிடிக்கல போல. என் மககிட்ட சொல்லிடாத தம்பி. கூட்டிட்டுப் போயிடுவா."

"சொல்ல மாட்டேம்மா" என்றேன்.

அதனால் ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். கம்பியின் உயரம் சரிதான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியப்படுத்துங்கள். மற்றதை அவளிடம் சொல்ல வேண்டாம். அவள் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.