வீட்டு வார்த்தை

– முடியாதுன்னா முடியாதுங்க! எத்தனை தடவை கேட்டாலும் என் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வராது.

– ஏம்மா, விளையாடுற நேரமா இது? கான்கிரீட் லாரி வாசல்ல வந்து நிக்குது. பம்ப் ஓட்டுறவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டார். மேல எல்லாரும் பூட்ஸை மாட்டிக்கிட்டு ரெடியா இருக்காங்க. நான் ஒருத்தன்தான் கீழ போனும் கையுமா நிக்கிறேன். சத்தியமா மானம் போகுது!

– நில்லுங்களேன். நின்னா என்ன, காலா தேஞ்சிடும்?

– மத்த வீட்ல எல்லாம் எப்படி சொன்னாங்க தெரியுமா? கம்பி கட்டுறவரோட சம்சாரம் குளிச்சுக்கிட்டே கதவுக்குப் பின்னாலேர்ந்து 'ஏறலாம்'னு கத்தினாங்க. பலகை அடிக்கிறவரோட அம்மாவுக்குக் காதே சரியா கேக்காது. அவங்களே சொல்லிட்டாங்க, சத்தியமா!

– அவங்க வீட்டு ஆளு அவங்க இஷ்டம், என் வீட்டு ஆளு என் இஷ்டம். நான் கேக்குறேன், வீட்ல இருக்கிறவங்க 'ஏறலாம்'னு சொன்னாத்தான் மேல ஏத்துவாங்க, அதான் இந்த கம்பெனி ரூலுன்னு வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீங்கதானே வந்து பீத்திக்கிட்டீங்க?

– அது சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறதும்மா! போய் யாராவது வேணாம்னு சொல்வாங்களா? நீதான் முதல் ஆளு.

– சரி, முதல் ஆளாவே இருந்துட்டுப் போறேன்.

– ஐயையோ, மொதலாளிம்மா இங்கதான் வர்றாங்க. சொல்லிடும்மா, உன் கால்ல விழறேன்.

– என்ன தம்பி, வீட்ல சொல்லியாச்சா? சீக்கிரம், சீக்கிரம்! அப்பப்பா! அந்த லாரி டிரம் சுத்துற சத்தத்தைக் கேட்டீங்களா? இந்தச் சத்தம் இந்த வாசல்ல கேட்டு ஒரு வருஷமாச்சு!

– அது வந்து மொதலாளிம்மா... லைன் சரியா கிடைக்கல. விட்டு விட்டுக் கேக்குது.

– பொய்! லைன் நல்லாத்தான் இருக்கு. மேடம், நான் வேணாம்னு சொல்லிட்டேன். அதை உங்ககிட்ட சொல்ல இவருக்கு வாய் வரல.

– ஓ, ஸ்பீக்கர்லதான் இருக்கா? நல்லதாப் போச்சு, போனை இங்க குடுங்க. தங்கச்சி, நான்தான் இங்க மொதலாளி. 'நீ'ன்னே பேசுறேன், கோவிச்சுக்காத, சரியா? ஏன் வேணாம்ங்கிற?

– நேத்து எங்களுக்குள்ள சண்டை மேடம். அதான்.

– சண்டையா? நேத்து ஏதும்மா சண்டை...

– சண்டைன்னா சண்டைதான்! நீங்க சும்மா இருங்க.

– தங்கச்சி, நல்லா சண்டை போடு. சாயங்காலம் முழுசா உன் கையில ஒப்படைச்சிடுறேன், கட்டி வெச்சு வேணும்னாலும் கேளு. இப்ப மட்டும் கொஞ்சம் கடன் குடு. உன் வீட்டுக்காரர் செய்யிற வேலை என்னன்னு தெரியும்ல? பம்ப் ஓட்டுறவர் கீழ நிக்கிறார். அங்கேர்ந்து பார்த்தா மாடியில நடக்கிறது அவர் கண்ணுக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர் மாடி ஓரமா நின்னு கையை வீசினாத்தான் கலவை மேல போகும், கையை மடக்கினா நிக்கும். அவருக்கு இங்க பேரே 'கை'தான். அந்தக் கை மேல இல்லன்னா இன்னிக்கு எதுவுமே ஓடாது, சரியா?

– ஓரமாவா? ஓரமாவா நிக்கணும்? என்னங்க இது, நடுவுல நிக்கிற வேலைன்னுதானே என்கிட்ட சொன்னீங்க?

– ஓரம்னா... ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி. சுத்தி கம்பித் தடுப்பு இருக்கும்மா. இடுப்புல பெல்ட் வேற மாட்டியிருக்கேன். சத்தியமா பயமே இல்ல!

– பேசாதீங்க! மேடம், நான் கேக்குறேன், போன வருஷம் ஒருத்தர் மேலேர்ந்து விழுந்து செத்தாரே, அது உங்க கட்டடத்துலதானே?

– ஏய்! அதையேன் இப்ப இழுக்குற? அவங்ககிட்ட போய் அதைப் பேசுற!

– விடுங்க தம்பி, கேக்கட்டும். ஆமா தங்கச்சி. இங்கதான். இன்னிக்கு கான்கிரீட் போடப்போற அதே மாடிதான். அப்ப நின்ன வேலை. ஒரு மாசமா கம்பி, பலகை வேலைதான் நடந்துச்சு, கான்கிரீட் இன்னிக்குத்தான் திரும்ப ஆரம்பிக்கிறோம்.

– ஆரம்பிக்கிறீங்க, ஆரம்பிக்கிறீங்க! உங்களுக்கு ஒரு வருஷத்துல கட்டடம் மறுபடி எழுந்திரிச்சிடும். அந்த வீடு எழுந்திரிச்சுதா? அந்தாளோட சம்சாரம் என்ன ஆனாங்கன்னு யாராவது போய்ப் பார்த்தீங்களா?

– போனைக் குடுங்க மொதலாளிம்மா, நான் கட் பண்றேன். இவளுக்கு என்ன பேசுறோம்னே தெரியல.

– போன் என்கிட்டயே இருக்கட்டும். பாக்குறேன் தங்கச்சி. தினமும் பாக்குறேன்.

– பார்த்து? பார்த்து என்ன சொல்றீங்க?

– என்னத்தச் சொல்றது? முகத்தைக் கழுவு, தலையைச் சீவு, வேலைக்கு நேரமாச்சு கெளம்புன்னு சொல்வேன். சில நாள் கேப்பா. சில நாள் அப்படியே உக்காந்திருப்பா. அவர் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால அதே ஆணியிலதான் தொங்குது. எடுத்து மடிச்சு வைன்னா, நாளைக்குங்கிறா.

– பாவம். அவங்க ரெண்டு சாத்து சாத்தியிருக்கணும் உங்களை.

– சாத்தியிருக்கா. திட்டியும் இருக்கா. சும்மா இல்ல, அவளும் வாய்க்காரிதான், உன்னை மாதிரி.

– மொதலாளிம்மா, நமக்கு வேலை குடுத்த எஞ்சினியர் ஐயா வாட்சைப் பாக்குறார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்!

– அடிக்கட்டும், டிரம் சுத்துற வரைக்கும் கலவை இறுகாது. ஆனா ரொம்ப நேரம் இல்ல தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேளு. அவர் விழுந்தப்ப கம்பெனியும் கூடவே விழுந்துச்சு. ஆபீசருங்க வந்து வேலையை நிறுத்தி கேட்டைப் பூட்டினாங்க. ஆளுங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, வீட்ல விடல. எங்க பேர் போட்ட வண்டியைப் பார்த்தா பழகின கடைக்காரர்கூட ஷட்டரைப் பாதி இறக்கினார். இன்னிக்கு இந்த மாடி முடியலன்னா அந்த எஞ்சினியர் ஐயா கட்டடத்தை வேற கம்பெனிக்குக் குடுத்துடுவார். அப்புறம் மேல நிக்கிற அத்தனை பேரும் உன் வீட்டுக்காரர் முன்ன நடந்த மாதிரி திரும்ப வேலை தேடித் தெருவுல நடக்கணும். இது எல்லாம் உண்மை. ஆனா இதுக்காக நீ 'ஏறலாம்'னு சொல்லிடாத, சரியா?

– என்னது?

– மொதலாளிம்மா, என்ன இப்படிச் சொல்றீங்க!

– அந்தாள் விழுந்தாரே, ஏன் விழுந்தார் தெரியுமா? தடுப்பு உடையல, பலகை முறியல. காலையிலேர்ந்து அவருக்குக் காய்ச்சல். ஒரு வாய் சாப்பிடல. வெளியில யார்கிட்டயும் மூச்சு விடல. கலவை வந்து நிக்குதேன்னு ஏறிட்டார், மேல தலை சுத்தி தடுப்பைத் தாண்டிச் சாய்ஞ்சுட்டார். காய்ச்சல்னு அவர் வீட்டுக்குத் தெரியும். ஆனா வீட்டை யாரும் கேக்கல. அதுக்காகத்தான் இந்த ரூல். சும்மா பேச்சுக்கு இல்ல. இப்ப சொல்லு தங்கச்சி, நேத்து நிஜமா சண்டையா?

– அது வந்து மேடம்...

– சண்டைதான் மொதலாளிம்மா! பயங்கர சண்டை. சத்தியமா!

– இப்பத்தான் 'ஏது சண்டை'ன்னீங்க தம்பி. தங்கச்சி, இருக்கியா?

– இருக்கேன் மேடம். சொல்லிட்டா இவர் வேலை போயிடும்.

– சொல்லாதம்மா! நீ எனக்கு சத்தியம் பண்ணியிருக்க!

– சத்தியமாவது மண்ணாவது! மேடம், காலையில ஷூ மாட்டக் குனிஞ்சவர் அப்படியே செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கண்ணெல்லாம் மேல சொருகிடுச்சு. கேட்டா கொட்டாவின்னார். கொட்டாவிக்கு யாராவது செவுத்தைப் பிடிப்பாங்களா? முந்தாநாளும் மாடிப்படியில அப்படித்தான் உக்காந்துட்டார். வெளியில சொன்னா தொலைச்சிடுவேன்னு என் வாயைக் கட்டினார். இவர் எத்தனை மாசம் வேலையில்லாம ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார்னு எனக்குத்தான் தெரியும். இந்த வேலை கிடைச்ச அன்னிக்கு வீடு முழுக்க பாட்டு பாடிக்கிட்டு திரிஞ்சார் மேடம். அதான் சண்டைன்னு சொன்னேன். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

– போச்சு. எல்லாம் போச்சு. மொதலாளிம்மா, லேசாத்தான் சுத்துச்சு. இப்ப நல்லா இருக்கேன், பாருங்க, ஒத்தக் கால்ல நிக்கிறேன் பாருங்க!

– காலை இறக்குங்க தம்பி! அந்த சிமென்ட் மூட்டை மேல உக்காருங்க. தண்ணியைக் குடிங்க. பெல்ட்டைக் கழட்டிக் குடுங்க.

– வேலையை விட்டு அனுப்பிடாதீங்கம்மா...

– யார் அனுப்புறா? நாளைக்கு டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் கீழ கேட்ல நின்னு லாரிக்குக் கை காட்டுங்க. கை எங்க இருந்தா என்ன, கைதானே? தங்கச்சி, கேட்டியா? வேலை இருக்கு. அழாத.

– நான் ஒண்ணும் அழல. மூக்கடைப்பு.

– நீ வேணாம்னு சொன்னியே, ரூல் போட்டதிலேர்ந்து இந்த ஒரு 'வேணாம்'க்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் 'ஏறலாம்', 'ஏறலாம்'னு சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள்ள பயம். யாராவது வேணாம்னு சொல்லத் துணிவாங்களா, சும்மா சடங்கா ஆயிடுச்சான்னு. நீ காப்பாத்திட்ட!

– அதெல்லாம் சரி மேடம், இப்ப உங்க மாடி என்ன ஆகும்? லாரி நிக்குதே! மேல இருக்கிறவங்கள்ல யாராவது கை காட்ட மாட்டாங்களா?

– ஒருத்தர் பைப்பைப் பிடிக்கணும், ஒருத்தர் கலவையைக் குத்தணும், ஒருத்தர் இழுத்து மட்டம் பண்ணணும். யார் கையும் சும்மா இல்ல. தப்பா கை காட்டினா கலவை ஒரே இடத்துல குவிஞ்சு அடியில தாங்குற பலகையே இறங்கிடும். சரியா காட்டத் தெரிஞ்சவங்க இங்க ரெண்டே பேர்தான்.

– ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு மொதலாளிம்மா?

– நான்தான். பெல்ட் எனக்கும் சரியா இருக்கு, பாருங்க.

– நீங்களா! வந்த நாள்லேர்ந்து பாக்குறேன், நீங்க ஏணி பக்கமே போனதில்லையே!

– ரூல் எனக்கும்தானே தம்பி? வீட்டு வார்த்தை இல்லாம நான் மட்டும் எப்படி ஏறுறது?

– அட, அவ்வளவுதானே மேடம்! உடனே வீட்டுக்குப் போன் போடுங்க. என்னை மாதிரி அடம் பிடிக்க மாட்டாங்க. சார் எடுப்பார்ல? என்னை வேணும்னா பேசச் சொல்லுங்க, நான் கெஞ்சி வாங்கித் தர்றேன்!

– ஏய்... வேணாம்மா. அதைக் கேக்காத.

– ஏன், நான் என்ன தப்பா கேட்டுட்டேன்?

– தப்பில்ல தங்கச்சி. போன் எடுக்க வீட்ல ஆள் இல்ல, அதனாலதான் இத்தனை நாளா ஏறல. உன் வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்தின வாய்தானே அது, எனக்கும் நீயே வீடா இருந்து சொல்லு. ஆனா நல்லா என்னைக் கேட்டுட்டு சொல்லு. சாப்பிட்டேன். தலை சுத்தல. காய்ச்சல் இல்ல.

– நான் எப்படி மேடம்... நான் யாரு உங்களுக்கு? உங்க வீட்டு ஆளுங்க சொல்ல வேண்டியதை நான் சொல்லலாமா?

– சொல்லலாம் தங்கச்சி. அதைச் சொல்ல வேண்டிய மனுஷன்தான் அன்னிக்குக் காய்ச்சலோட ஏறி, இந்த மாடியிலேர்ந்து விழுந்துட்டாரே. சொல்லு, நான் ஏறலாமா?